பனிச்சறுக்குக்குக் கிளம்பும் பெண்களுக்கு: பூட், ஸ்கீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டைக்காரி நான். ஏழு வருடங்களுக்கு முன் முதல்முறை காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போனேன். இப்போது பொங்கல் முடிந்ததும் ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னோடு கிளம்புவது வழக்கமாகிவிட்டது. சில வருடம் குல்மார்க், சில வருடம் உத்தராகண்டில் இருக்கும் ஔலி. டிசம்பர் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். டிக்கெட், குளிர், சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்த பிறகு எல்லோரும் வந்து நிற்கும் இடம் காலில் போடும் கெட்டியான பூட்டும், அதன் அடியில் மாட்டிச் சறுக்கும் நீளப் பட்டையான ஸ்கீயும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, முதல்முறை போகிறேன். ஸ்கீ, பூட் இரண்டையும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். குல்மார்க்கிலும் ஔலியிலும் நடக்கும் அரசுப் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தால் பெரும்பாலும் கட்டணத்திலேயே உபகரணமும் அடங்கிவிடும். தனியாகப் போனாலும் அங்கேயே வாடகைக் கடைகள் இருக்கின்றன.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கீயின் இரண்டு ஓரங்களிலும் ஒரு மெல்லிய எஃகு விளிம்பு ஓடுகிறது. பனியைக் கடித்துப் பிடிப்பது அதுதான். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் என்ன ஆகின்றன என்று நமக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் வைத்த ஸ்கீக்கும் ஒரு மழைக்காலத்தில் அதே கதிதான். பூட்டின் பிளாஸ்டிக்கும் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உள்ளேயே சிதைகிறது. அலமாரியில் நாலு வருடம் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் உதிர்ந்து விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே வேதியியல்தான் இங்கேயும். பூட்டின் உள்ளுறையில் பூஞ்சை பிடிப்பது தனிக்கதை.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நல்ல ஸ்கீ சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். அடுத்தது கையுறையும் கண்ணாடியும். மூன்றாவது நான்காவது தடவை போகும்போது, இதை விடமாட்டேன் என்று மனசு உறுதியான பிறகு பூட். ஸ்கீ கடைசி. சென்னையில் இருக்கும்வரை ஸ்கீ சொந்தமாக வாங்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

பூட் முக்கியமா, ஸ்கீ முக்கியமா? கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

பூட். நேரம் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் ஒன்பது நிமிடத்தைப் பூட்டுக்குக் கொடுங்கள்.

பனியில் நீங்கள் செய்வதெல்லாம் பாதத்தை லேசாகச் சாய்ப்பதும் முட்டியை முன்னால் தள்ளுவதும்தான். அந்தச் சின்ன அசைவு பூட் வழியாகத்தான் ஸ்கீக்குப் போகிறது. பூட் தளர்வாக இருந்தால் பாதம் உள்ளே திரும்பும், ஸ்கீ திரும்பாது. நீங்கள் இடது பக்கம் போக நினைப்பீர்கள், ஸ்கீ நேராக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் பூட்டைக் குறை சொல்வதில்லை. "எனக்கு இதெல்லாம் வராது" என்று தன்னைத்தான் குறை சொல்கிறாள். எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிக் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன். பூட்டை மாற்றிக் கொடுத்த அரை மணி நேரத்தில் அதே பெண் திரும்பியும் இருக்கிறாள், நின்றும் இருக்கிறாள்.

எனக்கும் அதேதான் நடந்தது. முதல் வருடம் ஒரு வாடகைக் கடையில் பையன் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு ஒரு ஜோடியை எடுத்துப் போட்டான். கால் சுலபமாக நுழைந்தது, வலிக்கவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது என் பாதத்தைவிட இரண்டு சைஸ் பெரிய ஆண்கள் பூட். மூன்றாம் நாள் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன, முட்டிக்குக் கீழே முன் எலும்பு முழுக்க நீலம். பூட் பெரிசாக இருந்தால் நகம் எப்படி அடிபடும் என்று அப்போது புரியவில்லை. பெரிசாக இருப்பதால்தான் அடிபடுகிறது. சரிவில் ஒவ்வொரு தடவையும் பாதம் முன்னால் வழுக்கிப் போய்ச் சுவரில் மோதுகிறது.

செருப்பு சைஸ் 5 போடுகிறேன். பூட் என்ன சைஸ் கேட்க வேண்டும்?

செருப்பு சைஸை மறந்துவிடுங்கள். ஸ்கீ பூட்டுக்கு மாண்டோபாயிண்ட் என்ற அளவுமுறை. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது: உங்கள் பாதத்தின் நீளம் எத்தனை செ.மீ.யோ அதுதான் உங்கள் சைஸ். பாதம் 23.5 செ.மீ. என்றால் பூட் 23.5. நம் ஊர் 5-ம் நம்பர் சுமாராக 24-க்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். செருப்புக் கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறுகிறது.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். தரையில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். நீங்களே குனிந்து கோடு போட்டால் பாதம் அசைந்துவிடும். பெண்ணையோ தங்கச்சியையோ கூப்பிட்டு, நீளமான விரல் முடியும் இடத்தில் பென்சிலை நேராக நிறுத்தி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும், அப்போது அதுதான் கணக்கு. பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் அளக்க வேண்டும், பலருக்கு ஒன்று பெரிசாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விவரம். பெரும்பாலான கம்பெனிகளில் 24-க்கும் 24.5-க்கும் பூட்டின் பிளாஸ்டிக் வெளிக்கூடு ஒன்றேதான். உள்ளே இருக்கும் உறையிலோ அடித்தகட்டிலோதான் வித்தியாசம். அதனால் "அரை சைஸ் சின்னது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியும் மாற்றம் தெரியவில்லை என்றால் ஒரு முழு சைஸ் இறங்கிப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது சரியான பூட் என்று எப்படித் தெரியும்?

முதலில் உள்ளுறையை வெளியே இழுத்துவிட்டு, வெறும் வெளிக்கூட்டுக்குள் மெல்லிய சாக்ஸோடு காலை விடுங்கள். விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடட்டும். இப்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு செ.மீ. இருந்தால் நமக்குச் சரி, அதாவது ஒரு விரல் தாராளமாகவும் இரண்டு விரல் நெருக்கியும் போகிற அளவு. மூன்று விரல் போனால் அது உங்கள் பூட் இல்லை. கூட்டமான நேரத்தில் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், நாள் முழுக்க அதில் நிற்கப் போவது நீங்கள்.

அப்புறம் உறையைப் போட்டு முழுசாக அணியுங்கள். பூட்டின் முன்பக்க நாக்கை நன்றாக முன்னால் இழுத்துவிட்டுக் காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். பாதம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கணுக்காலுக்கு மேல் இருக்கும் பக்கிளை முதலில் போடுங்கள். விரல் பக்கம் இருப்பதை லேசாக மாட்டினால் போதும். நேராக நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் தொட வேண்டும், அது தப்பில்லை. முட்டியை மடக்கி முன்னால் சாயுங்கள். விரல் சுவரைவிட்டு விலகி வர வேண்டும். அந்த நிலையில் குதிகாலைத் தூக்கப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் பூட் உங்களுடையது.

யாரோ பாதத்தைக் கையில் வைத்து இறுகப் பிடித்திருப்பது போல, எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் குத்தினால், குறிப்பாகக் கணுக்கால் எலும்பிலும் பாதத்தின் வெளி ஓரத்திலும் குத்தினால், மாற்றுங்கள். உடனே கழற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டபடி அங்கேயே நில்லுங்கள். முதல் நிமிடத்தில் இறுக்கமாகத் தெரிவது உறை சூடானதும் இளகும். முதல் நிமிடத்தில் சுகமாக இருப்பது மத்தியானத்துக்குள் தொளதொளத்துவிடும்.

கொஞ்சம் பெரிசாக எடுத்துக்கொண்டு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமே? குளிருக்கும் ஆகும்.

நம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அம்மா ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கிக் கொடுத்து, முன்னால் பஞ்சு வைத்து, இரண்டு வருடம் ஓட்டச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டுக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கீ பூட்டில் மட்டும் அது நேர் எதிராக வேலை செய்கிறது.

இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் கொப்புளம். கூட்டி வைத்த தடிமனால் இரத்த ஓட்டம் அமுங்கி, கால் முன்பைவிடச் சில்லிட்டுப் போகும். முட்டி வரைக்கும் வரும் மெல்லிய கம்பளி கலந்த சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். உள்ளே போடும் தெர்மல் பேண்டையும் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். பூட்டின் மேல்விளிம்புக்கு மேலேயே நிற்கும்படி ஏற்றிவிடுங்கள்.

பிறந்ததிலிருந்து செருப்புதான். பாதம் முன்னால் அகலம். பூட் கிடைக்குமா?

கிடைக்கும். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் நன்றாக விரிந்திருக்கும், அது ஆரோக்கியமான பாதம். பூட்டின் அகலத்தை மி.மீ.யில் சொல்வார்கள்: 98-ம் அதற்குக் கீழேயும் குறுகல், 100 நடுத்தரம், 102-லிருந்து 104 அகலம். வாடகைக் கடையில் இருப்பவை பெரும்பாலும் அகலமானவையே, அதனால் பயம் வேண்டாம். அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தில் மேலே போகாதீர்கள். அதே நீளத்தில் வேறு மாடல் கேளுங்கள். முன்னால் விரிந்து குதிகால் ஒடுங்கிய பாதம் நம் பெண்களிடம் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்குக் குதிகாலைப் பிடிக்கும் பூட்தான் தேவை. பெண்களுக்கென்று செய்த பூட்டில் குதிகால் பகுதி குறுகலாகவே இருக்கும்.

பித்தவெடிப்பு இருந்தால் ஒரு மாதம் முன்பே கவனியுங்கள். மலைக்காற்றின் வறட்சியில் அது ஆழமாகப் பிளக்கும்.

லேடீஸ் பூட் என்று தனியாக இருக்கிறதா, கலர்தான் வித்தியாசமா?

பூட்டில் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. பெண்களின் கெண்டைக்கால் சதை சராசரியாகக் கொஞ்சம் கீழே இறங்கி ஆரம்பிக்கிறது. ஆண்களுக்குச் செய்த பூட்டின் மேல்விளிம்பு அந்தச் சதையில் வந்து அறுக்கும், அல்லது பக்கிளே மாட்டாது. பெண்களின் பூட்டில் மேல்பகுதி உயரம் குறைவாகவும் வெளியே விரிந்தும் இருக்கும். கெண்டைக்கால் தடிமனாக இருப்பவர்கள் இதை அவசியம் கேட்டு வாங்குங்கள். மேல் பக்கிளைப் பல பூட்களில் இடம் மாற்றி மாட்டலாம், கடைக்காரருக்குத் தெரியும்.

ஃப்ளெக்ஸ் 60, 70 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

முன்னால் சாயும்போது பூட் எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண். கூடக் கூட விறைப்பு. புதிதாகக் கற்கும் பெண்ணுக்கு 50-லிருந்து 80 வரை. ஒல்லியாக இருப்பவர் 50, 60 பக்கம் போகலாம், எடை கூடியவர் 70, 80. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் இதற்குக் கிடையாது. ஒருவருடைய 70 இன்னொருவருடைய 60 ஆக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னையில் யாராவது பழைய பூட் விற்கிறார்கள் என்று போட்டுப் பார்த்தால், 32 டிகிரியில் அந்தப் பிளாஸ்டிக் இளகி நன்றாக வளையும். அதே பூட் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் கல்லாக இறுகும். காலை நுழைக்கவே இரண்டு பேர் வேண்டும். இங்கே போட்டுப் பார்த்த சுகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய பூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், சரிவில் வெளிக்கூடு பிளந்துவிடக்கூடும்.

பந்தய வீராங்கனைகள் போடும் பூட்டைப் பார்த்தும் ஆசைப்பட வேண்டாம். மணாலி பக்கத்து புருவா கிராமத்தைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் வெண்கலம் வாங்கினார். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் அது. அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் பந்தயப் பூட்கள் 100-க்கு மேல் விறைப்பும் குறுகிய அகலமும் கொண்டவை. சின்ன வயதிலிருந்து பனியிலேயே வளர்ந்த கால்களுக்கானவை.

மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டுமா?

கழற்றியே ஆக வேண்டும். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் தயங்கினேன், ஏனென்றால் சில வீடுகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பூட்டுக்குள் விரல்கள் ஆறு மணி நேரம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மெட்டி பக்கத்து விரலைக் கிழிக்கும். விரல் வீங்கிவிட்டால் கழற்ற முடியாமல் வெட்டி எடுக்க வேண்டி வரும். கொலுசு சரியாகப் பூட்டின் நாக்கு அழுத்தும் இடத்தில் உட்காரும், ஒரே நாளில் தோல் போய்விடும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா மெட்டியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ராத்திரி அறைக்கு வந்ததும் திரும்ப விரலில். மாமியாரிடம் போனிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கினார். இரண்டு நாள் முன்பே கழற்றிப் பாருங்கள், வருஷக்கணக்கில் போட்டிருந்தால் சோப்பு இல்லாமல் வராது.

ஸ்கீ எவ்வளவு நீளம் எடுக்க வேண்டும்?

நிமிர்ந்து நின்று ஸ்கீயைப் பக்கத்தில் நிறுத்துங்கள். தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் முடிய வேண்டும். 155 செ.மீ. உயரம் என்றால் 135-லிருந்து 145 வரை. எடை குறைவு, பயம் அதிகம் என்றால் தாடைப் பக்கம் போங்கள். எடை அதிகம் என்றால் மூக்குப் பக்கம். ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். ஐந்து செ.மீ. கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பூட்டில் இருக்கும் பிடிவாதம் இதில் வேண்டாம்.

கையை மேலே உயர்த்தி அந்த உயரத்துக்கு ஸ்கீ எடு என்று யாராவது பெரியவர் சொன்னால், அது பழைய நேரான ஸ்கீக்களின் கணக்கு. 1990களில் நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் அகன்ற வடிவம் பரவியது. அந்த வளைவே திரும்புவதற்கு உதவுவதால் இப்போது அவ்வளவு நீளம் தேவையில்லை.

ஸ்கீ மேல் 118-74-102 என்பது போல மூன்று எண் எழுதியிருக்கிறதே?

முன்முனை, இடுப்பு, பின்முனை ஆகியவற்றின் அகலம், மி.மீ.யில். நீங்கள் நடு எண்ணை மட்டும் பாருங்கள். 70-லிருந்து 80-க்குள் இருந்தால் தட்டிச் சமன் செய்த சரிவில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சுலபமாக மாறும். குல்மார்க் என்றால் ஆழமான புதுப்பனிக்குப் பேர் போன இடம், அதனால் கடைகளில் 100-க்கு மேல் அகலமான ஸ்கீக்கள் வரிசையாக நிற்கும். அவை கொண்டோலா என்ற ரோப் காரில் அஃபர்வாட் மலை வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்கு ஏறிப் போகிறவர்களுக்கு. நீங்கள் கீழே, ஊருக்குப் பக்கத்துச் சின்னச் சரிவில்தான் முதல் வாரம் முழுக்க இருப்பீர்கள். அந்த ஊரே சுமார் 2,650 மீட்டரில், நம் தொட்டபெட்டாவின் உச்சி உயரத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே ஆர் என்று போட்டு ஒரு எண் இருக்கும், அது திரும்பும் வட்டத்தின் ஆரம். 11-லிருந்து 14 மீட்டர் நல்லது.

எடுப்பதற்கு முன் இரண்டும் ஒரே ஜோடிதானா என்று பாருங்கள். கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் வேறு வேறு நீளத்தில் இரண்டு ஸ்கீயோடு ஒரு பெண் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அடிப்பாகத்தில் ஆழமான குழி இருக்கிறதா, எஃகு விளிம்பு எங்காவது பிய்ந்திருக்கிறதா, ஸ்கீயிலிருந்து பூட்டைக் கழற்றியதும் பிரேக் கம்பிகள் டக்கென்று கீழே இறங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

பெண்களுக்கான ஸ்கீ வேண்டுமா?

கிடைத்தால் எடுங்கள். கொஞ்சம் இலேசாகவும் மென்மையாகவும் இருக்கும், சிலவற்றில் பூட் மாட்டும் இடம் சற்று முன்னால் இருக்கும். சிலவற்றில் பூப்போட்ட டிசைன் மட்டும்தான் வித்தியாசம். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

எடை எவ்வளவு என்று கடையில் கேட்கிறார்கள். ஆண்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து ஒரு கிலோ கூடக் குறைத்துச் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்.

பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கும் கருவிக்குப் பைண்டிங் என்று பெயர். விழும்போது அது விடுபட வேண்டும், விழாதபோது விடுபடக் கூடாது. எவ்வளவு அழுத்தத்தில் விடுபடலாம் என்பதை ஒரு திருகாணியால் வைப்பார்கள். அந்த எண்ணை டின் என்பார்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடிப்பாகத்தின் நீளம், நீங்கள் எப்படிச் சறுக்குகிறவர் என்ற ஐந்தையும் வைத்து அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டிய எண் அது. தப்பாக வைத்தால் கால் முறுக்கிக்கொள்ளும்போது ஸ்கீ கழலாது. "பயந்து பயந்து போகிறவள்" என்றே சொல்லுங்கள், அதற்கும் அட்டவணையில் ஒரு இடம் உண்டு. பூட் அடிப்பாகத்தின் நீளம் குதிகால் பக்கத்தில் 285 மி.மீ. என்பது போலப் பொறித்திருக்கும்.

கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எங்கள் பெண்கள் எல்லோரும் கிளம்பும்போதே பாத நீளம், அகலம், உயரம், எடை, வயது எழுதிய சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த தைரியத்தில் அந்தத் திருகை நீங்களே தொடாதீர்கள்.

பைண்டிங் கழன்றுவிடும் என்றால் முட்டிக்கு ஆபத்தில்லை அல்லவா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பைண்டிங் வந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பின்னால் சாய்ந்து முறுக்கிக்கொண்டு விழும்போது முட்டிக்குள் இருக்கும் ஜவ்வை அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. பொழுதுபோக்குக்காகச் சறுக்குபவர்களில் அந்த ஜவ்வு கிழிவது பெண்களுக்குத்தான் அதிகம். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். தளர்ந்த பூட் உங்களைப் பின்னால் சாய வைக்கும், நீளமான ஸ்கீயின் வால் அந்தச் சாய்வில் உங்களை இழுக்கும். விழ ஆரம்பித்துவிட்டால் விழுந்துவிடுங்கள். வழுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் முட்டியைக் கெடுக்கிறது.

47 வயது, சுகர் இருக்கிறது. வரலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் பூட் அறுப்பது தெரியாது. வந்தால் மத்தியானம் ஒரு தடவை பூட்டைக் கழற்றி விரல் இடுக்கு வரைக்கும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். 50 தாண்டியவர்களுக்குப் பைண்டிங் எண்ணையும் ஒரு படி குறைத்து வைப்பார்கள், அதனால் வயதையும் மறைக்காதீர்கள்.

கையில் பிடிக்கும் கம்பு எந்த உயரம்?

தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் வட்டத்துக்குக் கீழே கையை வையுங்கள். முழங்கை செங்கோணமாக மடங்கினால் சரி. 155 செ.மீ. உயரத்துக்கு 105, 110.

எனக்கு இந்தி வராது. கடையில் எப்படிக் கேட்பது?

"டைட்", "லூஸ்" இரண்டும் எல்லா ஊரிலும் செல்லும். "சோட்டா சைஸ் தீஜியே" என்றால் சின்ன சைஸ் கொடுங்கள். "தூஸ்ரா தீஜியே" என்றால் வேறு கொடுங்கள். "ஏடி உட் ரஹீ ஹை" என்றால் குதிகால் தூக்குகிறது. இந்த மூன்றும் போதும். ஒரு தடவை மாற்றிக் கேட்ட பிறகும் சரியில்லை என்றால் இரண்டாவது தடவையும் கேளுங்கள், மூன்றாவதும் கேளுங்கள். ஆட்டோவுக்கு, மீனுக்கு, புடவைக்கு என்று நாள் முழுக்கப் பேரம் பேசுகிற நாம் அங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை. காசு கொடுத்து எடுக்கிறீர்கள்.

முதல் நாள் காலை கூட்டமாக இருக்கும். முடிந்தால் முந்தின நாள் சாயங்காலமே போய்ப் போட்டுப் பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

இங்கே இருக்கும்போது காலைத் தயார் செய்ய ஏதாவது வழி?

படி ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முக்கியம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது போல ஒரு நிமிடம் இருங்கள். பாக்ஸிங் தெரிந்த பெண்களுக்கு வட சென்னையில் பஞ்சமில்லை, அவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது. முட்டி மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்து, கை முன்னால் இருக்கும் அந்த நிலை பழகியவர்கள் பூட்டின் நாக்கில் சாய்ந்து நிற்கச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

முடி நீளமாக இருக்கிறது. ஹெல்மெட்?

கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. கழுத்தருகே தாழ்வாகப் பின்னி, ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். சரிவின் மேலே ஏற்றிவிடும் இழுவைக் கம்பியிலும் தொங்கு நாற்காலியிலும் பின்னல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சாயங்காலம் பூட்டை என்ன செய்வது?

ஈரத்தோடு மூலையில் போட்டால் காலையில் பனிக்கட்டிக்குள் காலை விடுவது போல இருக்கும். அறைக்குள் கொண்டு வந்து உள்ளுறையை நாக்கோடு விரித்து வையுங்கள், கழற்றத் தெரிந்தால் கழற்றியே வையுங்கள். காஷ்மீர் விடுதிகளில் புகாரி என்று ஒரு விறகு அடுப்பு அறை நடுவில் எரியும். அதை ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக் கோணிவிடும், நாலு அடி தள்ளி வைக்க வேண்டும். காய்ந்ததும் உறையைத் திரும்ப உள்ளே விட்டு, பக்கிள்களை லேசாக மாட்டி வையுங்கள். திறந்தபடி விட்டால் வெளிக்கூடு குளிரில் விரிந்த வடிவத்திலேயே இறுகி, காலையில் மூடாது.